காற்றும் வைக்கோலும் தந்த சக்தி: டென்மார்க் தீவு ஒன்றின் அனுபவம்

ஒரு கிராமத்தில் புதிய யந்திரம் ஒன்றை ஸ்தாபிக்க வேண்டுமாயின் அதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை. முதலாவது, அவ்யந்திரம் செவ்வனே வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, அதை வாங்குவதற்கும் பராமரிப்பதற்கும் வேண்டிய பணம் கிடைக்க வேண்டும். மூன்றாவது, அவ்வூர் ஜனங்கள் அதை மனமொப்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலிரண்டையும் எஞ்சினியர்களும் பாங்கிக்காரரும் நன்கு கணக்கிட்டு விடுகின்றனர். மூன்றாவதைப் பற்றியோ, வேலை தொடங்கி ஆக்ஷேபணைகள் கிளம்பிய பின்னரே பெரும்பாலும் யோசனை செய்யப்படுகிறது.

நிலக்கரியும் மண்ணெண்ணெயும் டீஸலும் பூமியினுள் அளவாகவே உள்ளன. எரிக்க எரிக்க அவை குறையும். அவற்றின் புகை ஆகாயத்திற் கலந்து உலகத்தின் வெப்பத்தையும் மிகுவிக்கின்றது. சூரிய வெப்பமும், காற்றும், ஓடும் நீரும், ஆண்டுதோறும் விளையும் தாவரப் பொருள்களும் அத்தன்மையன அல்ல. ஆதலால் இவை புதுப்பிக்கத்தக்க சக்திகள் எனப்படுகின்றன. முன்னவற்றை விட்டுப் பின்னவற்றிற்குப் படிப்படியாக மாறவேண்டுமென்பதில் இன்று அநேகமாக எல்லாத் தேசங்களும் உடன்பட்டிருக்கின்றன. ஆயினும், காற்றாலை எவ்வயலில் நிற்பது, கம்பி எவ்வழியே செல்வது, லாபம் யாரைச் சேர்வது என்னும் கேள்விகள் எழுகையில் அவ்வுடன்பாடு ஊருக்கு ஊர் மாறிவிடுகிறது. இக்கேள்விகளுக்கு டென்மார்க் தேசத்திலுள்ள சாம்ஸோ என்னும் சிறு தீவின் குடியானவர்கள் கண்ட விடை நம் விவசாயிகள் அறியத்தக்கது. ஆதலால் அதனை இங்கே விவரிக்கிறோம்.

டென்மார்க்கின் பழைய பழக்கம்

டென்மார்க் தேசம் கூட்டுறவு முறைக்குப் பேர்போனது. அங்கே முதலாவது கூட்டுறவுப் பால்பண்ணை 1882-ம் ஆண்டில் யெட்டிங் என்னும் கிராமத்தில் ஏற்பட்டது. இத்தகைய சங்கங்களில் ஐந்து மாடு உடையவனுக்கும் ஐம்பது மாடு உடையவனுக்கும் ஒரே வாக்குதான். மாடுகளின் தலையை எண்ணாமல் மனிதரின் தலையை எண்ணியே வாக்குரிமை அளிக்கப்பட்டது. ஒருங்கே கூடி யோசித்தலும், சிறு தொகைகளைத் திரட்டிப் பெருங் காரியம் செய்தலும் இவ்வாறு அக்குடியானவர்களின் இயல்பாகவே ஆகிவிட்டன.

காற்றினால் மின்சாரம் உண்டாக்குவதும் அவர்களுக்குப் புதிதன்று. 1891-ல் ஆஸ்கோவ் என்னும் ஊரில், கிராம வாலிபர்களுக்கான உயர்தரப் பள்ளியில் ஆசிரியராயிருந்த பௌல் லா கூர் என்பவர் ஒரு காற்றாலையை மின்சாரம் விளைவிக்கும்படி அமைத்தார். காற்று வீசாத காலத்திற்கும் சக்தியைச் சேமித்துவைக்க விரும்பி, அம்மின்சாரத்தினால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவைச் சேகரித்து, அதைக்கொண்டு பள்ளியில் விளக்கெரித்தார். கிராமத்தின் காற்று கிராமத்திற்கே வெளிச்சம் தரவேண்டும் என்பது அவருடைய நோக்கம். பின்னர் நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைத்தமையால் அம்முயற்சி மங்கிற்று.

1973-ல் உலகெங்கும் எண்ணெய் முடை உண்டாயிற்று. அப்போது டென்மார்க் தனக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிதேசத்து எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டலாகாதென்று சர்க்கார் உத்தரவிட நேர்ந்தது. அம்முடையின்பின் தேசத்தார் காற்றை மறுபடியும் நினைவுகூர்ந்தனர். கருமார்களும், தச்சர்களும், விவசாயக் கருவி செய்வோரும் சிறு காற்றாலைகளைச் செய்யலாயினர். ஒரு காற்றாலையைப் பல குடும்பத்தார் பங்குபோட்டு வாங்கினர். ஆலைக்கு அருகில் குடியிருப்போரே பங்கு வாங்கலாமென்றும், ஒரு குடும்பம் தன் மின்சாரச் செலவுக்குத் தக்க அளவே வாங்கலாமென்றும் நெடுங்காலம் விதியிருந்தது. இதனால் காலக்கிரமத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைகளிற் பங்குடையனவாயின.

சாம்ஸோ தீவு

சாம்ஸோ என்பது சுமார் 44 சதுர மைல் பரப்புள்ள தீவு. ஜனத்தொகை ஏறத்தாழ 4,000. மக்களிற் பலர் குடியானவர்கள். அங்கே விளையும் முன்பருவ உருளைக்கிழங்குக்கு டென்மார்க் முழுவதும் நல்ல கிராக்கி உண்டு. கோதுமை, பார்லி முதலிய தானியங்களும் காய்கறிகளும் பயிராகின்றன. மாடும் பன்றியும் வளர்க்கப்படுகின்றன. 1997-க்கு முன் அத்தீவு தன் மின்சாரத்தைக் கடலடிக் கம்பி வழியாகத் தலைநிலத்திலிருந்து பெற்றது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் கப்பலில் வந்தது. இரண்டிற்கும் கொடுத்த பணம் தீவைவிட்டு வெளியே சென்றது.

1997-ல் டென்மார்க் சர்க்கார் ஒரு போட்டி ஏற்படுத்தினர். பத்து ஆண்டுகளுக்குள், வழக்கத்திலுள்ள யந்திரங்களையே கொண்டு, தமக்கு வேண்டிய சக்தி முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறுவதற்குத் தக்க திட்டம் வகுக்கும் தீவு எதுவோ அதற்கு வெற்றி. நான்கு தீவுகளும் ஒரு தீபகற்பமும் போட்டியிட்டன, சாம்ஸோ வென்றது. வெற்றிப் பரிசாகப் பெருந்தொகை ஒன்றும் வரவில்லை. திட்டம் காகிதத்தில் இருந்தது. அதை நிறைவேற்றுவது தீவினர் பொறுப்பாயிற்று.

முதலில் தோன்றிய தயக்கம்

திட்டத்தை எழுதியவர் வெளியூர் எஞ்சினியர். அதைப்பற்றித் தீவினரிற் பெரும்பாலார் முன்கூட்டி அறியார். குடியானவர்கள் எங்கும் போலவே அங்கும் புதியதை உடனே நம்புவோரல்லர். யந்திரத்தின் இரைச்சல் தொந்தரவாகுமோ, மாதாகோயிலின் தோற்றத்தை மறைக்குமோ, கடன் வாங்கிப் போட்ட முதல் திரும்புமோ என்று பலவாறு ஐயுற்றனர். தீவிலிருந்த இறைச்சித் தொழிற்சாலை அக்காலத்தில் மூடப்பட்டமையால் வேலையிழந்தோர் கவலையும் அத்தோடு சேர்ந்தது.

அத்திட்டத்திற்கு முதல் ஊழியராக அமர்ந்தவர் ஸோரன் ஹெர்மான்சன் என்பவர். அவர் அத்தீவிலேயே குடியானவர் குடும்பத்திற் பிறந்து, ஆசிரியராகவும் இருந்தவர். அவர் பொதுக்கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்வதோடு நின்றுவிடவில்லை. ஊரார் எக்காரியத்திற்காகக் கூடினாலும் அங்கே சென்று இவ்விஷயத்தைப் பேசினார். அண்டையயலார் எவருடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பரோ அவர்களை முதலில் கண்டு பேசினார். உலகத்தைக் காக்கவேண்டும் என்ற பெரும்பேச்சைக் காட்டிலும், எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் தீவிலேயே தங்கும், கருமானுக்கும் குழாய்வேலைக்காரனுக்கும் வேலை கிடைக்கும் என்னும் பேச்சே அதிகமாக எடுபட்டது. இவ்வாறு சில ஆண்டுகள் பேச்சிலேயே கழிந்தன. அக்காலம் வீணாயிற்றென்று கொள்ளலாகாது. பின்னர் வேலை விரைவாக நடந்தமைக்கு அதுவே அடிப்படை.

நிலத்தில் நிறுவிய காற்றாலைகள்

2000-ம் ஆண்டில் தீவின் நிலப்பகுதியில் 11 காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 1 மெகாவாட் திறனுள்ளது; அஃதாவது நல்ல காற்றடிக்கையில் ஒரு காற்றாலையின் சக்தி, 5 குதிரைசக்தியுள்ள பம்பு செட்டுகள் சுமார் 260-ஐ ஒரே சமயத்தில் ஓட்டப் போதும். காற்று எப்பொழுதும் அவ்வாறு வீசாதாகையால் ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் பலன் இதனினும் குறைவே. ஆயினும் தீவின் ஆண்டு மின்சாரச் செலவை ஈடுசெய்ய அப்பதினொன்றும் போதுமானவையாக இருந்தன.

இவற்றை யார் உடைமையாக்கிக் கொண்டனர் என்பதே கவனிக்கத்தக்கது. ஒன்பது காற்றாலைகளைத் தனித்தனிக் குடியானவர்கள் கடன் வாங்கித் தம் பொறுப்பில் நிறுவினர். மற்ற இரண்டும் சுமார் 450 பங்காளிகளுக்குப் பொதுவாயின. நிலமில்லாத ஆசிரியரும், கடைக்காரரும், கூலிவேலை செய்வோரும்கூடப் பங்கு வாங்க இதனால் இடமுண்டாயிற்று. இவ்வேற்பாடு இல்லாதிருப்பின் நிலமுள்ள ஒன்பது பேர் லாபம் பெற, மற்றையோர் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும்.

இடங்களையும் தீவினர் கூடிப் பேசியே தீர்மானித்தனர். காற்றாலைகள் தீவெங்கும் சிதறி நில்லாமல் மூன்று தொகுதிகளாக நிறுத்தப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு இன்ன விலைக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக உறுதியிருந்தமையால் பாங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கவில்லை. விலை உறுதியில்லாதவிடத்துக் குடியானவன் நீண்டகாலக் கடனில் இறங்க அஞ்சுவது நியாயமே.

காற்றாலையின் இறக்கை சுழலும் ஓசை தனக்குப் பங்குள்ள யந்திரத்தினின்று வரும்பொழுது அதைக் கேட்பவன் மனநிலை வேறு. அயலான் லாபத்திற்காக அவ்வோசையைப் பொறுக்கவேண்டிவரும் பொழுது வேறு. ஓசையின் அளவு மாறவில்லை, உடைமைதான் மாறுகிறது.

வைக்கோலால் வீடு சூடாதல்

நம் நாட்டில் வெயிலுக்கு அஞ்சுகிறோம். அந்நாட்டில் குளிரே பகை. வீடுகளைச் சூடாக்குவதற்கே அங்கு மிகுந்த சக்தி செலவாகிறது. முன்பு வீடுதோறும் எண்ணெய்க் கொதிகலன் இருந்தது. இப்பொழுது தீவில் நான்கு பொது வெப்ப நிலையங்கள் உள்ளன. அவற்றில் மூன்று வைக்கோலை எரிப்பவை. டிரானெபியர் ஊரிலுள்ள நிலையம் போட்டிக்கு முன்னரே ஏற்பட்டது. ஒன்ஸ்பியர் ஊரிலும், பால்லென், புருண்ட்பி என்னும் இரட்டை ஊர்களிலும் பின்னர் நிலையங்கள் ஏற்பட்டன. நான்காவதாகிய நோர்ட்பி, மோருப் ஊர்களின் நிலையத்தில் மரச்சிராய்கள் எரிக்கப்படுகின்றன. அத்துடன் 2,500 சதுர மீட்டர் பரப்புள்ள தகடுகள் சூரிய வெப்பத்தினால் நீரைக் காய்ச்சுகின்றன.

வேலை நடக்கும் விதம் எளிது. தானிய அறுவடைக்குப்பின் வயலிற் கிடக்கும் வைக்கோலைக் குடியானவர்கள் பெரிய கட்டுகளாகக் கட்டி நிலையத்திற்கு விற்கின்றனர். அக்கட்டுகளை ஒவ்வொன்றாக அடுப்பினுட் செலுத்த, கொதிகலனில் நீர் சூடாகிறது. வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட குழாய்கள் வழியாக அவ்வெந்நீர் நிலத்தடியே வீடுகளுக்குச் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிய நீராகத் திரும்பி வருகிறது. எஞ்சும் சாம்பலிலுள்ள பொட்டாஷ் சத்து மறுபடியும் வயலுக்கு எருவாகப் பயன்படும்.

இதிலும் ஜனங்களின் சம்மதமே முதலில் நாடப்பட்டது. போதிய வீட்டார் சேர ஒப்பினாலன்றி நிலையம் கட்டுப்படியாகாது. ஆகவே கட்டுமுன்னரே கையொப்பமிட்டோருக்குச் சேர்க்கைக் கட்டணம் மிகக் குறைவாக வைக்கப்பட்டது. பிற்பாடு சேர்வோர் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். புதிய நிலையங்களைச் சார்ந்த ஊர்களில் ஏற்கெனவே இருந்த வீடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பால்லென், புருண்ட்பி ஊர்களின் நிலையம் அதனைப் பயன்படுத்தும் வீட்டார்க்கே உடைமை. ஊருக்கு வெளியே தனித்திருக்கும் பண்ணை வீடுகளுக்குக் குழாய் போடுதல் செலவு மிக்கது. ஆதலின் அவ்வீட்டார் விறகுக் கொதிகலன், சூரியத் தகடு முதலியவற்றைத் தனித்தனியே அமைத்துக்கொள்ள யோசனை கூறப்பட்டது. இவ்வகையால் தீவினருக்கு வேண்டிய வெப்பத்தில் சுமார் 70 சதவிகிதம் வைக்கோலாலும் மரத்தாலும் சூரியனாலும் கிடைக்கலாயிற்று.

கடலில் நிறுவியவை

வண்டிகளுக்கும், டிராக்டர்களுக்கும், கரைக்கும் தீவுக்கும் இடையே ஓடும் கப்பலுக்கும் எண்ணெயை விடுவது அவ்வளவு எளிதாக இல்லை. ஆகையால் அவ்வெண்ணெய்க்கு ஈடாகும்படி வேறு வழியில் மின்சாரம் விளைவித்துத் தலைநிலத்திற்கு அனுப்புவதென்று தீர்மானித்தனர். 2002, 2003-ம் ஆண்டுகளில் தீவின் தெற்கே கடலில் 10 காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட் திறனுள்ளது. இவற்றுள் ஐந்து தீவின் நகரசபைக்குச் சொந்தமாயின. நகரசபைக்கு வரும் லாபத்தை மேற்கொண்டும் சக்தி சம்பந்தமான காரியங்களிலேயே செலவிடவேண்டுமென்பது அப்போதைய சட்டம். எஞ்சிய ஐந்தும் குடியானவர் முதலிய தனி முதலாளிகளுக்கும், சிறு பங்காளிகளின் கூட்டங்களுக்கும் உடைமையாயின.

திட்டத்தின் குறைகளையும் சொல்லுதல் கடன். தீவில் எண்ணெய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மோட்டார் வண்டிகள் நெடுங்காலம் எண்ணெயிலேயே ஓடின. 2015-ல் வந்த புதிய கப்பல் திரவமாக்கிய இயற்கை வாயுவில் ஓடுவது. அதுவும் பூமியினின்று எடுப்பதே. எல்லா வீட்டாரும் எண்ணெய்க் கொதிகலனை உடனே கழற்றிவிடவுமில்லை. அனுப்பும் மின்சாரத்தையும் எரிக்கும் எண்ணெயையும் தட்டிக்கழித்துப் போட்ட கணக்கிலேதான் தீவு வென்றது. ஆயினும் அக்கணக்கைத் தீவினர் மறைக்கவில்லை. முதலில் எளிதானதைச் செய்து, கடினமானதற்குக் காலம் விட்டமையே அம்மாறுதல் நிலைத்ததற்கு ஒரு காரணம்.

உடைமை மாறினபோது நேர்ந்தது

டென்மார்க்கின் பிற பகுதிகளிற் பின்னர் நேர்ந்தவை இப்பாடத்தை மறுபுறமாக நின்று விளக்குகின்றன. காலம் செல்லச்செல்லக் காற்றாலைகள் மிக உயரமாயின. அவற்றின் விலையும் ஏறிற்று. அருகில் வாழ்வோரே பங்கு பெறவேண்டுமென்ற பழைய விதிகளும் 2000-ம் ஆண்டு வாக்கில் அகன்றன. தூரத்துக் கம்பெனிகள் நிலத்தை வாங்கி ஆலைகளை நிறுவ வந்தன. அப்போது முன்பு காற்றாலையை விரும்பிய தேசத்திலேயே கிராமத்தாரின் ஆக்ஷேபணைகள் பெருகின.

இதைக் கண்ட சர்க்கார் 2009-ல் அமுலுக்கு வந்த ஒரு சட்டத்தினால், புதிய காற்றாலையின் பங்குகளில் நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் உள்ளூராருக்கு விலைக்குக் கொடுக்க முன்வரவேண்டுமென்றும், 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முதலுரிமை உண்டென்றும் விதித்தனர். வீட்டின் மதிப்புக் குறைந்தால் நஷ்டஈடும் ஏற்பட்டது. 2020-ல் பங்கு விற்கும் விதி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக அண்டையில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் ஓர் வித்தியாசம் உண்டு. சாம்ஸோவில் ஜனங்கள் முதலிற் கலந்துகொண்டு பின்பு யந்திரத்தை நிறுவினர். கம்பெனியார் விஷயத்திலோ இடமும் அளவும் முன்னரே தீர்மானமாகி, ஜனங்களுக்குப் பங்கு கடைசியில் நீட்டப்பட்டது. தீர்மானத்திற்கு முன் கேட்கும் சம்மதமும், தீர்மானத்திற்குப் பின் கொடுக்கும் ஈடும் ஒன்றாகமாட்டா.

நமது நாட்டிற்கு

நம் நாட்டிற்கும் அந்நாட்டிற்கும் குளிரிலும், நிலத்தின் அளவிலும், கைமுதலிலும் வேற்றுமை மிகுதி. சாம்ஸோவில் செய்ததை அப்படியே இங்கே செய்ய இயலாது, செய்யவும் வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கண்ட முறை ஆராயத்தக்கது.

1980-களின் பிற்பகுதி முதல் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறம் முதலிய இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் ஆலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்துள்ளன. இவற்றின் பெரும்பகுதி நூல் ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சொந்தம். நிலத்தை விற்ற குடியானவனுக்கு அதன் விலை ஒருமுறை கிடைத்தது. காற்றின் வருமானமோ ஆண்டுதோறும் வேறிடம் செல்கிறது.

2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சூரியசக்திப் பம்பு செட்டுகளுக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். அதே திட்டத்தில் வேறொரு பிரிவும் இருந்தது. அதன்படி தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை திறனுள்ள சூரியசக்தி நிலையத்தைத் தனி விவசாயியோ, விவசாயிகளின் கூட்டமோ, கூட்டுறவுச் சங்கமோ, பஞ்சாயத்தோ அமைத்து மின்சாரத்தை விற்க இடமளிக்கப்பட்டது. உடைமை ஊராரிடமே தங்கும்படியான வழிக்கு இஃது ஓர் உதாரணம். இத்தகைய சந்தர்ப்பம் எத்திட்டத்தின் பெயரால் வந்தாலும், நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா, சொந்தமாகவோ கூட்டாகவோ நிலையம் வைப்பதா என்பதை அவசரமின்றிக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

கவனிக்கவேண்டியவை

இவ்வனுபவத்தினின்று கிராம சபைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், திட்டம் வகுக்கும் உத்தியோகஸ்தர்களும் கொள்ளத்தக்க விதிகளைச் சுருக்கிக் கூறுவோம்.

1. இடமும் அளவும் தீர்மானமாகு முன்னரே ஊராரைக் கலக்கவேண்டும். பேச்சிற் செலவிடும் காலம் பிற்பாடு வழக்கில் மீதமாகும்.

2. நிலமுடையோர் மட்டுமன்றி நிலமில்லாதவரும் சேரத்தக்கவாறு சிறு பங்குகள் இருக்கவேண்டும். யந்திரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அதன் லாபமும் பலருக்கும் எட்டவேண்டும்.

3. முதல் போடுமுன் மின்சாரத்தின் விலை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதை எழுத்து மூலம் அறிந்துகொள்ளவேண்டும்.

4. உள்ளூரில் வீணாகும் பொருள் எது, மிகுதியாயிருப்பது எது என்று முதலிற் பார்க்கவேண்டும். சாம்ஸோவுக்கு வைக்கோல் மிகுதி. நம் ஊர்களில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. ஆதலால் அவரவர் ஊருக்குத் தக்கது வேறாகலாம்.

5. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற முற்படலாகாது. எளிதானதொன்று கண்முன் வெற்றியடைந்தால் அண்டைவீட்டான் தானே விசாரித்து வருவான்.

6. இரைச்சல், நிழல், நில மதிப்பு முதலிய குறைகளை மறைக்காமற் சொல்லவேண்டும். மறைத்தது வெளிப்படும்பொழுது நல்லதின்மேலும் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

காற்றும் வெயிலும் ஒருவருக்கும் தனியுடைமையல்ல. அவற்றைப் பிடித்து வேலைவாங்கும் யந்திரமே ஒருவருக்கோ பலருக்கோ உடைமையாகிறது. அவ்வுடைமையில் நமக்கும் ஒரு பங்கு உண்டா என்னும் கேள்வியை நம் குடியானவர்கள் வேலை தொடங்குமுன்னரே கேட்பாராயின், இம்மாறுதல் அவர்கள்மேற் சுமத்தப்பட்டதாக இராமல் அவர்களால் நடத்தப்பட்டதாக அமையும்.